‘நீங்க உட்காருங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்’: ஆக்குபேஷனல் தெரபி பற்றி வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது, அல்லது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, அல்லது ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது என்றால் குடும்பமே அவரைச் சுற்றி நிற்கும். மாத்திரை, ஸ்கேன், பிசியோ எல்லாம் ஓடும். ஆனால் அவர் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரை என்ன செய்கிறார் என்று கேட்டால் பாதி வீடுகளில் வருகிற பதில், ‘ஒண்ணும் செய்ய விடறதில்ல, ரெஸ்ட்தான்.’ நான் இந்தத் துறையில் பல வருடமாக வேலை செய்கிறவள். அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் வேலை வாங்கித் தருகிற இடமா?

இல்லை. பெயரால் வருகிற குழப்பம் இது. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை என்று ஆளுக்கொரு பெயர் எழுதுகிறார்கள், எதுவும் சரியாக ஒட்டவில்லை. ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஓ.டி. என்போம், அதிலும் ஒரு சிக்கல்: ‘ஓ.டி.க்குப் போங்க’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘ஆக்குபேஷன்’ என்று நாங்கள் சொல்வது சம்பளம் வருகிற வேலையை மட்டும் அல்ல. பல் தேய்ப்பது, காபி போடுவது, பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது, சீட்டுக் கணக்கு எழுதுவது, கோயிலுக்குப் போவது, கேரம் ஆடுவது என்று ஒரு மனிதரின் நாளைப் பிடித்துக்கொண்டிருக்கிற, அவருக்கு ஏதோ ஒரு விதத்தில் முக்கியமான எல்லாமே அதில் வரும். நோயோ விபத்தோ அதை எல்லாம் பறித்துக்கொண்டால் திரும்பச் செய்ய வைப்பது எங்கள் வேலை. கை முன்போல வராவிட்டால் செய்கிற முறையை மாற்றுவோம். அதுவும் போதாது என்றால் பாத்திரத்தை மாற்றுவோம், வீட்டை மாற்றுவோம்.

அப்படியானால் பிசியோதெரபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒரே கையைப் பிடித்து வேலை செய்யும், அதனால்தான் இந்தக் கேள்வி வருகிறது. மூட்டு அசைவு, தசை பலம், நடை, வலி இவற்றைப் பிசியோதெரபிஸ்ட் முதன்மையாகப் பார்ப்பார். தோள் தலைக்கு மேலே போகிறதா என்பது அவர் கவலை என்றால், போகிற தோளால் தலை சீவ முடிகிறதா, ஷெல்ஃபிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க முடிகிறதா, ஜாக்கெட்டில் கையை நுழைக்க முடிகிறதா என்பது என் கவலை. ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தினமும் செய்கிற சாதாரண வேலைக்கும் உடம்புக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? ஆராய்ச்சி இருக்கிறதா?

இருக்கிறது. நான் எப்போதும் முதலில் சொல்வது லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஆய்வைத்தான். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் கிளார்க் குழுவினர் 60 வயதும் அதற்கு மேலும் ஆன, தங்கள் வீட்டில் தாங்களே இருந்து வந்த 361 பேரை எடுத்துக்கொண்டு மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு குழுவுக்குக் கைவினை, சினிமா, விளையாட்டு, வெளியே கூட்டிப்போவது என்று பொழுதுபோக்கு. மூன்றாவது குழுவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: உன் நாள் எப்படிப் போகிறது, எதை விட்டுவிட்டாய், ஏன் விட்டாய், பஸ்ஸில் ஏறப் பயமா, அப்படியானால் வா, பஸ்ஸில் ஏறிப் பார்ப்போம் என்கிற மாதிரியான வேலை. ஒன்பது மாதம் இப்படிப் போனது. 1997-ல் முடிவு வந்தபோது மூன்றாவது குழுவினர் உடல்நலத்திலும் வாழ்க்கைத் திருப்தியிலும் மற்ற இரண்டு குழுக்களையும்விட நன்றாக இருந்தார்கள்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பொழுதுபோக்குக் குழுவுக்கும் ஒன்றுமே இல்லாத குழுவுக்கும் இடையே பெரிதாக வித்தியாசம் இல்லை. அதாவது ‘ஏதாவது செய்துகொண்டிரு’ என்று பொதுவாகச் சொல்வது போதவில்லை. அந்த ஆளுக்கு எது முக்கியம் என்று கண்டுபிடித்து, அதைச் செய்ய எது தடுக்கிறது என்று பார்த்து, அந்தத் தடையை எடுத்தால்தான் பலன் கிடைத்தது. 460 பேரோடு இதையே பின்னால் மறுபடி செய்து பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள், அப்போதும் நல்ல பலன் தெரிந்தது.

இதை யார் தொடங்கியது? புதிதாக வந்த ஒன்றா?

நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு வீட்டில் ஆறு பேர் கூடிச் சங்கம் ஆரம்பித்தார்கள். அந்த வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்ல, கட்டட வடிவமைப்பாளர். காசநோய், ஒரு காலின் பாதத்தில் அறுவை, அப்புறம் இடது பக்கம் செயலிழப்பு என்று அடுத்தடுத்து விழுந்தவர், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத் தானே மீட்டுக்கொண்டார். தாம் தேறிய வழியை மற்றவர்களுக்கும் காட்ட நினைத்துத்தான் அந்த வீட்டுக்கு ஆறுதல் இல்லம் என்று பெயர் வைத்தார்.

1921-ல் அடால்ஃப் மேயர் என்ற மனநல மருத்துவர் வேலை, விளையாட்டு, ஓய்வு, தூக்கம் ஆகிய நான்கின் தாளம் குலைவதுதான் மனநோயில் பார்க்கிற பெரிய சேதம், அந்தத் தாளத்தைச் செய்து பழகித்தான் திரும்பப் பெற முடியும் என்ற பொருளில் பேசினார். இன்றைக்கும் எங்கள் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறோம்.

இந்தியாவில் 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் அமெரிக்காவில் பிறந்து, மணமாகி இங்கே வந்தவர். 1952-ல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக். நாங்கள் அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. இது தப்பா?

பாசத்தில் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆமாம், முதல் சில நாட்கள் கழிந்து டாக்டர் உட்காரலாம், எழுந்திருக்கலாம் என்று சொன்ன பிறகும் அப்படியே தொடர்ந்தால் அது அவருக்குக் கெடுதல்தான். ‘நீங்க உட்காருங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்’ என்பது நம் வீடுகளில் மருமகள் சொல்கிற மிக நல்ல வார்த்தை. நாளைக்கு இருபது தடவை அதைக் கேட்கிற அந்த அத்தைக்கு, தான் இனிமேல் எதற்கும் ஆகாதவள் என்றும் அது கேட்கும்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பூக்கட்டி விற்றவர், ஸ்ட்ரோக்கில் வலது கை போய்விட்டது. பலகையில் முளைக்குச்சிகளை எடுத்து எடுத்துச் செருகுகிற பயிற்சி கொடுத்தேன். நாலு குச்சிக்கு மேல் செய்யமாட்டார். ‘இத எடுத்து இங்க வச்சா என்ன, அங்க வச்சா என்ன’ என்று கையை மடியில் போட்டுக்கொள்வார். மகள் ஒரு நாள் உதிரி மல்லியும் நனைத்த வாழைநாரும் கொண்டுவந்தாள். அந்த அம்மா முதலில் பூவை மோந்து பார்த்தார், அப்புறம் ‘இது நேத்துப் பூ’ என்று மகளைத் திட்டினார். பிறகு இடது கையால் இரண்டு மொட்டை இந்தப் பக்கமும் இரண்டு மொட்டை அந்தப் பக்கமும் அடுக்கி, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாரைச் சொருகிப் பிடிக்கப் பார்த்தார். நார் வழுக்கியது, முடிச்சு இளகியது, பூ மடியில் கொட்டியது. மறுபடி எடுத்தார். முளைக்குச்சியில் ஐந்து நிமிடம் தாங்காத ஆள் அன்றைக்கு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். வலது கை பழையபடி ஆகவில்லை. ஆனால் சில வாரங்களில் அது நாரை இழுத்துப் பிடிக்கிற கையாக மாறி, மற்றதை இடது கை செய்து, ஒரு முழம் கட்டினார்.

மூளை திரும்பக் கற்றுக்கொள்ள ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை நடக்க வேண்டும். அர்த்தமில்லாத அசைவை அத்தனை முறை செய்ய யாருக்கும் மனசு வராது. அதனால் அம்மாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். முழு வேலையும் வேண்டாம், ஒரு துண்டு போதும்: கீரை ஆய்வது, துணி மடிப்பது, பூண்டு உரிப்பது, சாமி விளக்குக்குத் திரி போடுவது. நேரம் ஆகும், சிந்தும், மெழுகிவிடலாம். சூடான பாத்திரமும் அரிவாள்மனையும் மட்டும் தெரபிஸ்டிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது.

வலது கை வரவில்லை. இடது கையால் சாப்பிடச் சொன்னால் அழுகிறார். என்ன செய்வது?

அழுகை நியாயமானது. நமக்கு இடது கை எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், அறுபது எழுபது வருடம் அப்படிப் பழகியவரிடம் ‘மாத்திச் சாப்பிடுங்க’ என்று சொல்வது சின்ன விஷயமில்லை. சோற்றைக் குழம்போடு பிசைந்து, உருட்டி, ஐந்து விரலும் சேர்த்து எடுத்து, கையைத் திருப்பி வாய்க்குக் கொண்டுபோய்க் கட்டைவிரலால் தள்ளுவது என்பது கைக்கு உள்ள மிக நுணுக்கமான வேலைகளில் ஒன்று. கரண்டி அதற்கு முன்னால் சுலபம், ஆகவே கரண்டியில் ஆரம்பிப்போம். கைப்பிடியில் பழைய சைக்கிள் ஹேண்டில் உறையைச் செருகினாலோ துணியைச் சுற்றித் தடிமனாக்கினாலோ வலுவில்லாத வலது கையிலேயே பலர் பிடித்துவிடுவார்கள். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத் துணி. தட்டுக்கு விளிம்பு உயரமாக இருந்தால் சோறு அதில் முட்டிக் கரண்டியில் ஏறும். குழைந்த தயிர்சாதத்தில் தொடங்கி, கெட்டிச் சோறு, அப்புறம் இட்லி, கடைசியில் தோசையைப் பிய்ப்பது. விழுங்கும்போது இருமல் வந்தால் இதை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

துணி போடும்போது ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இதை இன்றைக்கே செய்து பாருங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஆண்களுக்கு இப்போது ஒட்டிக்கொள்கிற வேட்டி கடையிலேயே கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள்.

கை கொஞ்சம் வருகிறது, ஆனால் அவர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. ஏன்?

ஆரம்பத்தில் அந்தக் கையால் முயன்று முயன்று தோற்றிருப்பார், நல்ல கையால் சட்டென்று முடிந்திருக்கும், கை அசைய ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் விடாது. எட்வர்ட் டாவ்ப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைக் குரங்குகளிடம் கண்டு, மனிதர்களுக்கு ஒரு சிகிச்சையாக வளர்த்தார். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கிற நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையாலேயே எல்லாம் செய்யச் சொல்வது. ஸ்ட்ரோக் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரிடம் இரண்டு வாரம் இதைச் செய்து, 2006-ல் வெளியான பெரிய ஆய்வில் வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் தெரிந்தது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாக நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் இது. யூடியூப் பார்த்து நீங்களாக நல்ல கையைக் கட்டிப்போடாதீர்கள், விழுந்தால் ஊன்றக் கை இருக்காது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?

பெரிய பங்கு உண்டு, நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1948-லிருந்து தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். கை சரியாகி வீட்டுக்குப் போனவர்கள் சில மாதத்தில் இன்னும் மோசமாகத் திரும்பி வந்தார்கள். கை மடங்கியிருந்தவரை பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை, தொழுநோய் என்று தெரிந்தால் வேலை தருகிறவரும் இல்லை. கையை நிமிர்த்திவிட்டோம், அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று புரிந்ததும் 1950-களின் தொடக்கத்தில் நவ ஜீவ நிலையம் என்று ஒரு சிறு குடியிருப்பை அமைத்துத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள்.

அங்கே இன்னொன்றும் தெரிந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை, மெலிந்த ஒரு நோயாளிப் பையன் வந்து சட்டென்று திருகித் திறந்தான். பார்த்தால் சாவி அவன் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் நோயால் தானாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சியில்லாத கை அளவு தெரியாமல் அழுத்தி அழுத்திக் காயப்பட்டே தேய்கிறது என்ற அறிவு இப்படிப்பட்ட அன்றாடச் சம்பவங்களைக் கூர்ந்து கவனித்ததில் வந்தது. அதற்குப் பின் கருவிகளின் கைப்பிடிகளைத் தடிமனாக்கினார்கள், தினமும் கையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளிடம் ‘ராத்திரி உள்ளங்காலைப் பாருங்க’ என்கிறோமே, அதே பாடம்தான்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியபோது பின்னால் நின்றவர் அவர்தான். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்.

எல்லா வேலையும் நல்லதா? வேலை செய்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவரின் கழுத்தும் புகையிலைத் தூள் ஏறும் மூச்சும், ராத்திரி ஷிஃப்ட்காரரின் தூக்கமும் வேலையால்தான் கெடுகின்றன. இன்னொரு பக்கம், செய்ய ஒன்றுமே இல்லாத நிலையும் நோய் தரும். வேலை செய்ய அனுமதி இல்லாத அகதி, சிறையில் இருப்பவர், ஒரு அறையில் டி.வி. முன்னால் உட்காரவைக்கப்பட்ட முதியவர் என்று வெளிக் காரணங்களால் ஒருவரின் வேலை பறிபோவதை எங்கள் துறையில் ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆன் வில்காக்கும் கேல் ஒயிட்ஃபோர்டும் உடல்நலப் பிரச்சினையாகவே எழுதினார்கள்.

அப்புறம் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண். மாமியாருக்கு நான் நாலு வேலை கொடுக்கச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற மருமகளிடம் நாற்பது வேலை இருக்கிறது. அவளுடைய நாளையும் எழுதி வாங்கிப் பார்க்காமல் நான் எந்தத் திட்டமும் போடுவதில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் தனியாகவே செய்தாக வேண்டும் என்பதும் எங்கள் பாடப்புத்தகங்கள் பிறந்த ஊர்களின் எண்ணம். பேத்தி தலை வாரிவிடுவதை ஒரு பாட்டி ஆசையாக வாங்கிக்கொண்டால் அதைக் கெடுக்க நான் யார்? அந்த நேரத்தில் மிச்சமாகிற தெம்பை அவருக்குப் பிடித்த வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு மறதி நோய். அவரிடம் வேலை சொல்லிப் பயன் உண்டா?

உண்டு. நெதர்லாந்தில் மறதி நோய் உள்ள 135 பேரையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வந்தது. வீட்டுக்கே போய் ஐந்து வாரத்தில் பத்து முறை செய்த ஆக்குபேஷனல் தெரபியில் நோயாளியின் அன்றாடச் செயல்பாடு கூடியது, பார்த்துக்கொள்கிறவரின் திணறல் குறைந்தது. மறதி குணமாகவில்லை, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது: ‘போய்க் குளிங்க’ என்பதற்குப் பதில் துண்டைக் கையில் கொடுத்து வாளிப் பக்கம் கூட்டிப்போங்கள். நேற்று என்ன சாப்பிட்டார் என்று தெரியாதவருக்கும் கை பழகிய வேலை பல காலம் மிஞ்சும். மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் மாலையானால் வெளியே போக வேண்டும் என்று கதவை இடிப்பார், மனைவி பயந்து பூட்டிவைப்பார். மாலை ஐந்து மணிக்கு அவர் முன்னால் கொஞ்சம் துவரம்பருப்பும் பழைய பேப்பரும் சணலும் வைத்தோம். அவர் பொட்டலம் மடித்துக் கட்ட ஆரம்பித்தார். தினமும் அதே பருப்பு, ராத்திரி பிரித்துக் கொட்டி மறுநாள் மறுபடி.

மனச்சோர்வு, மனச்சிதைவு போன்றவற்றுக்கும் போகலாமா?

போகலாம், மாத்திரையோடு சேர்த்து. மனச்சோர்வில் ‘மனசு சரியானதும் எழுந்து வேலை பார்ப்பேன்’ என்று காத்திருப்பார்கள், பெரும்பாலும் சின்ன வேலையில் தொடங்கினால்தான் மனசு பின்னால் வரும்.

குழந்தைகளுக்கு?

குழந்தையின் ஆக்குபேஷன் விளையாட்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், எழுதச் சிரமம் உள்ள பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். எந்த சென்டரிலும் ஒன்று கேளுங்கள்: இந்தப் பயிற்சியால் என் பிள்ளை வீட்டில் எதைப் புதிதாகச் செய்வான், தானாகச் சாப்பிடுவானா, சட்டை போடுவானா? பதில் தெளிவாக வரவில்லை என்றால் பணம் கட்ட யோசியுங்கள்.

எங்கே போவது? முதல் நாள் என்ன கேட்பார்கள்?

பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவில் விசாரியுங்கள். பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பார்க்கிறவர் இதற்கென்று பட்டப் படிப்பு படித்தவரா என்று கேட்பதில் தப்பில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய மத்தியச் சட்டத்தில் இந்தத் தொழிலும் அடங்கும்.

முதல் நாள் ‘எங்கே வலிக்கிறது’ என்பதைவிட ‘காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், இப்போது அதில் எது முடியவில்லை’ என்று கேட்பார்கள். முடியாதவற்றில் எது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு மார்க் போடச் சொல்வோம், கனடாவில் உருவான முறை அது. அந்த மார்க்கை மகனோ மகளோ போடக் கூடாது, பேச முடிந்தவரை நோயாளியே போட வேண்டும். நடக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். நடந்து எங்கே போகணும் என்று கேட்பேன். போன மாதம் ஒரு பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மகன் காதில் விழாத மாதிரி மெதுவாக, யாரையும் எழுப்பாமல் ராத்திரி பாத்ரூம் போகணும் என்றார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை எத்தனை அடி, நடுவில் படி இருக்கிறதா, லைட் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று அன்றைக்கே மகனிடம் அளந்து வரச் சொன்னேன்.